ஏஎஃப்எல் உதவி: ஜூம் பண்ணினா "பை" எழுத்து கேண்டில் மேல ஏறி உக்காருது

ஐந்துநிமிடம் | சனி, காலை 10:12

வணக்கம். அமிபுரோக்கர்ங்கிற சார்ட் சாஃப்ட்வேர்ல நிஃப்டி 5 நிமிட சார்ட் பாக்குறேன், ஒவ்வொரு கேண்டிலும் அஞ்சு நிமிஷ விலை ஆட்டம். ஒருத்தர்கிட்ட காசு குடுத்து எழுதி வாங்கின ஏஎஃப்எல் (அமிபுரோக்கர் கோட்), எப்ப வாங்கணும் (பை), எப்ப விக்கணும் (செல்)னு சிக்னல் காட்டும். சிக்னல்ல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. அதை சார்ட்ல காட்டுற விதம்தான் பிரச்சினை. பை வந்தா கேண்டிலோட லோவுக்குக் (அடி விலை) கீழ "பை"ன்னு போட்டு விலையும் எழுதணும். செல் வந்தா ஹைக்கு (உச்ச விலை) மேல. இப்ப இருக்கிற வரி இதுதான் (போன்ல தமிழ் கீபோர்டு, ஃபங்ஷன் பேரையும் தமிழ்லயே அடிக்கிறேன், பொறுத்துக்கோங்க; ஐன்னா கேண்டில் எண்):

ப்ளாட்டெக்ஸ்ட்("பை", ஐ, லோ[ஐ] - 20, பச்சை)

ஒரு நாள் மட்டும் தெரியற மாதிரி வச்சா எழுத்து கேண்டிலை விட்டு எங்கேயோ கீழ தொங்குது. பத்து நாள் தெரியற மாதிரி சுருக்கினா விக் (கேண்டிலோட மெல்லிய கோடு) மேலயே ஏறிடுது, படிக்க முடியல. 20ஐ 35 ஆக்கினேன், 12 ஆக்கினேன். ஒரு பக்கம் சரியானா இன்னொரு பக்கம் கெடுது. இதே ஏஎஃப்எல்லை 140 ரூபா பங்குல போட்டா எழுத்தையே காணோம். எழுதிக் குடுத்தவர் போன் எடுக்க மாட்டேங்கறார்.

கொங்குகேண்டில் | சனி, காலை 10:40

140 ரூபா பங்குல 20 ரூபா கழிச்சா எழுத்து 120ல போய் நிக்கும். அன்னிக்கு பங்கு மொத்தமே 3 ரூபாதான் ஆடியிருக்கும். சார்ட்டுக்கு வெளிய போயிடுச்சு, அவ்வளவுதான்.

ஏடிஆர் போடுங்க, அதாவது ஒரு கேண்டில் சராசரியா எவ்வளவு ஆடுதுங்கிற அளவு. அமிபுரோக்கர் ஹெல்ப்ல ப்ளாட்டெக்ஸ்ட் பக்கத்துல இருக்கிற உதாரணமே அதுதான்: தூரம் = 1.5 * ஏடிஆர்(10), பைக்கு லோ - தூரம், செல்லுக்கு ஹை + தூரம். எந்தப் பங்குல போட்டாலும் அந்தப் பங்கோட ஆட்டத்துக்குத் தக்கபடி தள்ளி நிக்கும்.

ஐந்துநிமிடம் | சனி, காலை 11:25

நன்றி அண்ணா. 140 ரூபா பங்குல எழுத்து வந்துடுச்சு. ஆனா ஜூம் பிரச்சினை அப்படியே இருக்கு. பத்து நாள் வச்சா மறுபடி கேண்டில் மேல.

டிப்ஸ்வேணும் | சனி, காலை 11:31

ப்ரோ இந்த இண்டிகேட்டர் ஆக்குரசி எவ்ளோ? ஃபைல் ஷேர் பண்ணுங்க

பழையஏஎஃப்எல் | சனி, மதியம் 12:50

தம்பி, ஏடிஆர் வேற வியாதிக்கு மருந்து. பங்குக்குப் பங்கு விலை வேறங்கிறதை அது சரி பண்ணும். ஜூமுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன்.

உங்க பேன் (சார்ட் வரையிற கட்டம்) உயரம் 600 பிக்சல்னு வச்சுக்குங்க. ஒரு நாள் மட்டும் தெரியுது, அதாவது 9:15ல இருந்து 3:30 வரைக்கும் 75 கேண்டில். அன்னிக்கு நிஃப்டி மேலயும் கீழயும் 200 புள்ளி ஆடியிருக்கு. 600ஐ 200ஆல வகுத்தா ஒரு புள்ளிக்கு 3 பிக்சல். உங்க 20 புள்ளி திரையில 60 பிக்சல் ஆகுது. அதான் எங்கேயோ தொங்குது. இப்ப பத்து நாளுக்குச் சுருக்குறீங்க, 750 கேண்டில், வீச்சு 1200 புள்ளின்னு வைங்க. ஒரு புள்ளிக்கு அரை பிக்சல். அதே 20 புள்ளி இப்ப வெறும் 10 பிக்சல். எழுத்தோட உயரமே பத்துப் பதிமூணு பிக்சல் இருக்கும், அப்புறம் எங்க இடைவெளி?

ஏடிஆர் 15 புள்ளின்னா ஒண்ணரை மடங்கு 22 புள்ளி. இருபதுக்கும் இருபத்தி ரெண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? நீங்க குடுக்கிறது விலையில ஒரு தூரம், கண்ணுக்கு வேண்டியது திரையில ஒரு தூரம். எந்தக் கேண்டில்ங்கிறதை விலையால சொல்லுங்க, அதுல இருந்து எவ்வளவு தள்ளிங்கிறதை பிக்சலால சொல்லுங்க.

அமிபுரோக்கர்ல அதுக்கு வழி இருக்கு. ப்ளாட்டெக்ஸ்ட்டுக்கு நிறம், பின்னணி நிறத்துக்கு அப்புறம் ஆறாவதா ஒரு மதிப்பு குடுக்கலாம், ஒய் ஆஃப்செட். அது பிக்சல் கணக்கு. இப்படி எழுதுங்க: விலை இடத்துல வெறும் லோ[ஐ], ஆறாவது இடத்துல பிக்சல். மேல போகுமா கீழ போகுமான்னு குழம்ப வேண்டாம், 40ன்னு ஒரு தடவை குடுத்துப் பாருங்க, எந்தப் பக்கம் நகருதோ அதுக்குத் தக்கபடி குறியை மாத்திக்கலாம். பழைய வெர்ஷன்னா அந்த ஆறாவது மதிப்பு இருக்காது, எர்ரர் வரும்.

அம்புக்குறிக்கு ப்ளாட்ஷேப்ஸ். அதுல ஆஃப்செட் பிறந்ததுல இருந்தே பிக்சல்தான். ஒண்ணும் சொல்லாம விட்டா -12.

ஐந்துநிமிடம் | சனி, மதியம் 2:05

சார், எழுத்து அருமையா நிக்குது! எவ்வளவு இழுத்தாலும் அதே இடைவெளி. ஆனா ப்ளாட்ஷேப்ஸ்ல ஒரு கூத்து. இருக்கிற கோட்ல செல்லுக்கு ஒரு சிவப்புக் கட்டம், அதுக்குள்ள வெள்ளை அம்பு. ரெண்டுமே ஹை மேலதான் கட்டியிருக்கு. கட்டத்துக்கு ஆஃப்செட் 40, அம்புக்கு -45. நான் "இது தப்பா இருக்கும்போல"ன்னு அம்புக்கும் 45ன்னு மாத்தினேன். அம்பு கேண்டிலைத் தாண்டிக் கீழ போய் விழுந்துடுச்சு.

பழையஏஎஃப்எல் | சனி, மதியம் 2:30

ஹாஹா. அதுல சிக்காத ஆளே கிடையாது. கீழ்நோக்கு அம்புக்கு மட்டும் குறி தலைகீழ். கட்டம், வட்டம் எல்லாம் பிளஸ்னா மேல, மைனஸ்னா கீழ. கீழ்நோக்கு அம்புக்கு மைனஸ் குடுத்தாத்தான் மேல போகும். பையோட மேல்நோக்கு அம்பு மைனஸ்ல கீழ போகும். ரெண்டு அம்புக்கும் ஒரே -12 போட்டா ஒண்ணு லோவுக்குக் கீழயும் இன்னொண்ணு ஹைக்கு மேலயும் தானா நிக்கட்டும்னு வச்ச ஏற்பாடா எடுத்துக்கிட்டா மனசு ஆறும்.

வாட்ஸப்ல சுத்துற ஏஎஃப்எல் பாதியில இந்த 40, 50, -45 அப்படியே இருக்கும். எவனோ ஒருத்தன் கண் அளவுல பாத்துப் போட்ட நம்பர், பதினஞ்சு வருஷமா எல்லாரும் காப்பி அடிச்சிட்டு இருக்கோம். நானும்தான்.

ஜொகூர்பையன் | சனி, மாலை 5:15

நான் மலேசியாவுல இருந்து. எம்டி5ல (மெட்டாட்ரேடர் 5, இன்னொரு சார்ட் சாஃப்ட்வேர்) தங்கம் பாக்குறேன். இதே தலைவலி எனக்கும் இருந்துச்சு, அங்க கொஞ்சம் வேற மாதிரி. யாருக்காவது உதவும்னு எழுதுறேன்.

எம்டி5ல எழுத்து ரெண்டு வகை. ஆப்ஜ் டெக்ஸ்ட் நேரம், விலை ரெண்டுலயும் கட்டினது, சார்ட்டோட சேர்ந்து நகரும். ஆப்ஜ் லேபிள் திரையோட மூலையில இருந்து இத்தனை பிக்சல்னு கட்டினது, சார்ட்டை எவ்வளவு இழுத்தாலும் நகராது. என் நண்பன் ஒருத்தன் சிக்னலை எல்லாம் லேபிள்ல போட்டுட்டு, சார்ட்டை நகர்த்தினதும் "பை எல்லாம் தப்பான கேண்டிலுக்குப் போகுது"ன்னு ரெண்டு நாள் உக்காந்திருந்தான்.

டெக்ஸ்ட்டுக்கு பிக்சல் ஆஃப்செட் கிடையாது. பதிலுக்கு ஆங்கர் இருக்கு, எழுத்தோட எந்த விளிம்பை அந்த விலையில மாட்டுறதுன்னு. மொத்தம் ஒம்போது இடம், சொல்லாம விட்டா இடது மேல் மூலை. அதனாலதான் சும்மா போட்டா எழுத்து கேண்டிலுக்கு வலது பக்கம் சாஞ்சு கீழ வழியுது. பை எழுத்துக்கு ஆங்கர் அப்பர் (எழுத்தோட மேல் விளிம்பு லோவுல மாட்டி கீழ தொங்கும்), செல் எழுத்துக்கு ஆங்கர் லோயர். இந்த ஒரு மாத்தத்துலயே எனக்கு முக்காவாசி சரியாச்சு. இடைவெளி வேணும்னா விலைக்கு முன்னாடி ஒரு வெத்து வரி போடலாம்னு நினைக்காதீங்க, டெக்ஸ்ட் ஆப்ஜெக்ட்ல வரி உடையாது. 63 எழுத்துக்கு மேல காட்டவும் காட்டாது.

இன்னும் துல்லியமா வேணும்னா பிக்சலை விலையா மாத்தணும். சார்ட்டோட உச்ச விலையில இருந்து அடி விலையைக் கழிச்சு, பிக்சல் உயரத்தால வகுத்து, வேண்டிய பிக்சலால பெருக்கணும். மூணு மதிப்பையும் சார்ட்கெட்டபுள், சார்ட்கெட்இன்டிஜர் தருது. பழையஏஎஃப்எல் சார் போட்ட கணக்கைத் திருப்பிப் போட்டா இது.

இதுல நான் வாங்கின அடி: இதை ஆன்டிக் (ஒவ்வொரு தடவை புது விலை, அதாவது டிக், வரும்போதும் ஓடுற பகுதி) உள்ள எழுதி வச்சிருந்தேன். சனிக்கிழமை உக்காந்து சோதிக்கிறேன், ஜூம் பண்ணா எழுத்து அசையவே இல்ல. கணக்கு தப்புன்னு நினைச்சு ராத்திரி ஒரு மணி வரைக்கும் மாத்தி மாத்தி எழுதினேன். சனிக்கிழமை ஏது டிக்? சந்தை மூடியிருக்கு, ஆன்டிக் ஓடவே இல்ல. ஜூம் பண்ணும்போது ஓட வேண்டியது ஆன்சார்ட்ஈவென்ட், அதுல சார்ட் சேஞ்ச் நிகழ்வு. அங்க தூக்கிப் போட்டதும் முதல் கணக்கே சரியா வந்துச்சு.

அம்பு மட்டும் போதும்னா இந்த வம்பே வேண்டாம். இண்டிகேட்டர் பஃபர்ல ட்ரா ஆரோ போட்டு, ப்ளாட் ஆரோ ஷிஃப்ட்ல பிக்சல் குடுத்தா முடிஞ்சுது. எம்டி5 கூடவே வர்ற ஃப்ராக்டல்ஸ் கோட்டைத் திறந்து பாருங்க, மேல் அம்புக்கு -10, கீழ் அம்புக்கு 10. இங்க மைனஸ்னா மேல. திரையில பிக்சல் மேல இருந்து கீழ எண்ணுறதால.

கொங்குகேண்டில் | சனி, மாலை 5:40

ஒரு சாஃப்ட்வேர்ல மைனஸ் மேல, இன்னொண்ணுல அம்புக்கு மட்டும் மைனஸ் மேல. நல்லா இருக்குய்யா.

வித்யாபைத்தான் | சனி, இரவு 8:20

பைத்தான்ல பிளஸ்தான் மேல, நிம்மதியா இருங்க :)

மேட்ப்ளாட்லிப்ல (பைத்தான்ல படம் வரையிற லைப்ரரி) அன்னோட்டேட் இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். எக்ஸ்வொய்ல கேண்டில் இருக்கிற இடம், எக்ஸ்வொய்டெக்ஸ்ட்ல (0, -12), டெக்ஸ்ட்கோர்ட்ஸ்ல "ஆஃப்செட் பாயிண்ட்ஸ்". பாயிண்ட்னா அச்சுக்காரங்க அளவு, 72 பாயிண்ட் ஒரு அங்குலம். அதனால படத்தை 100 டிபிஐல (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) சேமிச்சாலும் 300ல சேமிச்சாலும் எழுத்துக்கும் கேண்டிலுக்கும் உள்ள விகிதம் மாறாது. அந்த விஷயத்துல பிக்சலை விட பாயிண்ட் மேல்.

நான் மாட்டினது குறுக்குத் திசையில. எம்பிஎல்ஃபைனான்ஸ்ல (மேட்ப்ளாட்லிப் மேல கட்டின கேண்டில் சார்ட் லைப்ரரி) கேண்டில் வரைஞ்சுட்டு, அது மேல சிக்னல் புள்ளிகளைத் தேதி குடுத்து ஸ்கேட்டர்ல போட்டேன். மொத்த சார்ட்டும் இடது ஓரத்துல ஒரு குச்சி மாதிரி நசுங்கிப் போச்சு, என் புள்ளிகள் எல்லாம் வலது கோடியில ஒரு கொத்தா. சனி ஞாயிறு இடைவெளி தெரியக்கூடாதுன்னு எம்பிஎல்ஃபைனான்ஸ் எக்ஸ் அச்சுல தேதியையே வைக்கிறதில்ல, கேண்டிலை 0, 1, 2ன்னு எண்ணி வைக்குது. மேட்ப்ளாட்லிப்போ தேதியை 1970 ஜனவரி 1ல இருந்து எத்தனையாவது நாள்னு எண்ணா மாத்துது. 2024 ஜனவரி 1ன்னா 19,723. என்னோட 375 கேண்டில் இருக்கிற சார்ட்ல புள்ளி 19,723ல போய் உக்காந்தா வேற என்ன ஆகும்? தேதிக்குப் பதிலா டேட்டாஃப்ரேம்ல அது எத்தனையாவது வரிசைன்னு குடுத்ததும் சரியாச்சு.

கணக்குவாத்தியார் | ஞாயிறு, காலை 6:45

ஒரு திருத்தம். ஜொகூர்பையன் எழுதிய சூத்திரம் சாதாரண அளவுகோலுக்கு மட்டுமே பொருந்தும். நான் மாதாந்திர சார்ட்டை லாக் அளவுகோலில் (விலை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒரே உயரம்) பார்ப்பவன். அங்கே அந்தச் சூத்திரம் காலை வாரிவிடும்.

100 ரூபாயிலிருந்து 1600 வரை போன ஒரு பங்கு, 600 பிக்சல் உயரம். சாதாரண அளவுகோலில் ஒரு பிக்சலுக்கு இரண்டரை ரூபாய். 15 பிக்சல் தள்ள வேண்டுமானால் 37.50 கழிக்க வேண்டும். லாக் சார்ட்டில் 100 ரூபாய்க் கேண்டிலில் இதைக் கழித்தால் 62.50, அதாவது சார்ட்டின் அடியையே தாண்டி வெளியே. அதே 37.50 மேலே 1500 ரூபாய்க் கேண்டிலில் வெறும் ஐந்தரை பிக்சல் இடைவெளி.

லாக்கில் கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும். 100, 200, 400, 800, 1600 என நான்கு இரட்டிப்புகள், ஒவ்வொன்றும் 150 பிக்சல். 15 பிக்சல் என்பது ஓர் இரட்டிப்பில் பத்தில் ஒரு பங்கு, 2இன் 0.1 அடுக்கு, ஏறத்தாழ 1.072. செல் எழுத்துக்கு ஹையை 1.072ஆல் பெருக்குங்கள், பை எழுத்துக்கு லோவை அதனால் வகுங்கள். 100 ரூபாயில் 7 ரூபாய் தள்ளும், 1500இல் 108 ரூபாய் தள்ளும், திரையில் இரண்டும் ஒரே 15 பிக்சல். பொதுச் சூத்திரம் வேண்டுவோருக்கு: உச்ச விலையை அடி விலையால் வகுத்து, வந்ததை (பிக்சல் / உயரம்) என்ற அடுக்குக்கு உயர்த்துங்கள்.

அமிபுரோக்கரின் பிக்சல் ஆஃப்செட் முறையில் இந்தத் தொல்லை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். விலையைத் திரைக்கு மாற்றிய பிறகுதான் அது பிக்சலைக் கூட்டுகிறது.

ஜொகூர்பையன் | ஞாயிறு, காலை 9:10

சார், இது எனக்குத் தோணவே இல்ல. நன்றி.

டிப்ஸ்வேணும் | ஞாயிறு, காலை 9:14

டிரேடிங்வியூல இது வருமா? ஃபைல் கிடைக்குமா

வித்யாபைத்தான் | ஞாயிறு, காலை 9:50

ஃபைல் கிடைக்காது, பதில் கிடைக்கும். பைன் ஸ்கிரிப்ட்ல (டிரேடிங்வியூவோட கோட் மொழி) பேனோட பிக்சல் உயரத்தைக் கேட்டு வாங்க வழியே இல்ல. அதனால லேபிள்.நியூல ஒய்லாக்குக்கு அபவ்பார் அல்லது பிலோபார் குடுத்துட்டு மத்ததை அதுகிட்டயே விட்டுடுங்க. அப்படிக் குடுத்தா நீங்க எழுதுற ஒய் மதிப்பை அது கண்டுக்காது. ப்ளாட்ஷேப்பும் போடலாம், ஆனா அதுல எழுத்து முன்கூட்டியே முடிவான எழுத்தா இருக்கணும், ஒவ்வொரு கேண்டிலுக்கும் வேற விலையைக் காட்ட முடியாது. லேபிள்ல முடியும். பழைய லேபிள் எல்லாம் மறைஞ்சு போனா பயப்படாதீங்க, சொல்லாம விட்டா கிட்டத்தட்ட கடைசி 50 மட்டும்தான் வச்சிருக்கும். மேக்ஸ் லேபிள்ஸ் கவுன்ட்ல 500 வரைக்கும் கேக்கலாம், அதுக்கு மேல தராது.

ஐந்துநிமிடம் | ஞாயிறு, காலை 11:30

இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நினைக்கல. இன்னும் ரெண்டு சந்தேகம். ஒண்ணு, மாசக் கணக்குல சுருக்கினா எழுத்து கேண்டில் மேல ஏறல, ஆனா எழுத்தும் எழுத்தும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குது. சார்ட் இழுக்கிறதும் மெதுவாயிடுச்சு. ரெண்டு, ஜொகூர்பையன் ப்ரோவுக்கு: என் மச்சான் எம்டி5ல மூலையில லாப நஷ்டக் கட்டம் ஒண்ணு போட்டிருக்கான். அவன் மானிட்டர்ல அழகா இருக்கு, என் லேப்டாப்ல வரியெல்லாம் ஒட்டிக்கிட்டு நிக்குது. கூடவே வலது மூலைக்கு மாத்தினா எழுத்தே பாதி வெட்டிப் போகுது. ஏன்?

ஜொகூர்பையன் | ஞாயிறு, மதியம் 1:00

லேப்டாப்ல விண்டோஸ் ஸ்கேலிங் 150 சதவீதம் வச்சிருப்பீங்க. எழுத்தோட அளவு பாயிண்ட்ல போகுது, வரிக்கு வரி தூரத்தை உங்க மச்சான் பிக்சல்ல அடிச்சு வச்சிருப்பார். 96 டிபிஐ மானிட்டர்ல 10 பாயிண்ட் எழுத்து 13 பிக்சல் சொச்சம், வரிக்கு 16 பிக்சல் விட்டா தாராளம். 150 சதவீதம்னா 144 டிபிஐ, அதே எழுத்து 20 பிக்சல். 16க்குள்ள 20 எப்படி அடங்கும்? டெர்மினல் ஸ்க்ரீன் டிபிஐ கேட்டு வாங்கி 96ஆல வகுத்து, எல்லா தூரத்தையும் அதால பெருக்கச் சொல்லுங்க. இல்லேன்னா டெக்ஸ்ட்கெட்சைஸ் போட்டு எழுத்தை அளந்தே வைக்கலாம்.

வலது மூலை வெட்டுறது ஆங்கர்தான். மூலையை வலது மேல்னு மாத்தினாரு, ஆங்கரை இடது மேல்லயே விட்டுட்டாரு. எழுத்து வலது ஓரத்துக்குப் பத்து பிக்சல் முன்னாடி ஆரம்பிச்சு வெளிய ஓடுது. ஆங்கரையும் வலது மேல் ஆக்கணும்.

மச்சான்கிட்ட இன்னொண்ணும் பாக்கச் சொல்லுங்க: சிக்னலுக்கு ஆப்ஜெக்ட் பேர் எப்படி வைக்கிறார்? நான் "பை" கூட கேண்டில் எண்ணைச் சேத்து வச்சிருந்தேன். எம்டியில வரிசையைப் பின்னால இருந்து எண்ணினா கடைசி கேண்டில் 0. புது கேண்டில் வந்ததும் நேத்து 5ஆ இருந்தது 6 ஆகுது. பேரும் கேண்டிலும் கலைஞ்சு, ஒரே சிக்னலுக்கு நாலு எழுத்து. எண்ணுக்குப் பதிலா அந்தக் கேண்டிலோட நேரத்தைப் பேர்ல சேத்தா கலையாது.

பழையஏஎஃப்எல் | ஞாயிறு, மதியம் 3:20

முதல் சந்தேகத்துக்கு நான்.

உங்க லூப் 0ல இருந்து பார்கவுன்ட் (மொத்த கேண்டில் எண்ணிக்கை) வரைக்கும் ஓடுது. மூணு வருஷ 5 நிமிட டேட்டான்னா ஐம்பதாயிரம் கேண்டிலுக்கு மேல. திரையில தெரியறது முன்னூறு. ஸ்டேட்டஸ் ஃபங்ஷன்ல "ஃபர்ஸ்ட்விசிபிள்பார்", "லாஸ்ட்விசிபிள்பார்" ரெண்டையும் வாங்கி அதுக்குள்ள மட்டும் ஓட்டுங்க. ஒண்ணு கவனம்: வலது ஓரத்துல வெத்து இடம் விட்டிருந்தா லாஸ்ட்விசிபிள்பார் பார்கவுன்ட்டைத் தாண்டிப் போகும், அரே எல்லை எர்ரர் வரும். ரெண்டுல எது சின்னதோ அதை எடுங்க.

எழுத்து மேல எழுத்து ஏறுறதுக்குப் பெருசா தந்திரம் எல்லாம் பண்ணாதீங்க. ஒண்ணுக்கொண்ணு முட்டாம நகர்த்துற கோட் ஒண்ணு நான் எழுதினேன், நூத்தி இருபது வரி. வேலை செஞ்சுது. ஆனா எந்த எழுத்து எந்தக் கேண்டிலுக்குன்னு எனக்கே தெரியல. கடைசியில தூக்கிப் போட்டுட்டு ஒரே ஒரு நிபந்தனை வச்சேன்: தெரியற கேண்டில் 200க்கு மேல போனா எழுத்து வேண்டாம், அம்பு மட்டும். 500 தாண்டினா அம்பையும் எடுத்துட்டு சின்னப் புள்ளி. மாச சார்ட்ல நின்னு பை விலையைப் பைசா சுத்தமாப் படிக்கப் போறவர் யாரு?

ஐந்துநிமிடம் | திங்கள், மாலை 4:10

இன்னிக்கு நேரலையில ஓட்டிப் பாத்தேன். எல்லாம் சொன்ன மாதிரியே நிக்குது. 200 நிபந்தனை போட்டதும் சார்ட் வெண்ணெய் மாதிரி நகருது.

மிச்சம் ரெண்டு. ஓடிக்கிட்டு இருக்கிற கேண்டில்ல "பை" வந்து வந்து மறையுது. கடைசி கேண்டில்ல வர்ற எழுத்து வலது அச்சுல இடிச்சு பாதிதான் தெரியுது.

எழுதிக் குடுத்தவர் இன்னிக்கு அவராவே போன் பண்ணினார். இந்தப் பக்கத்தைப் பாத்துட்டாராம். "அந்த ஆறாவது மதிப்பு எனக்கும் தெரியாதுங்க"ன்னு சொன்னார். கோபம் போயிடுச்சு.

பழையஏஎஃப்எல் | திங்கள், மாலை 5:00

அட, நல்ல மனுஷன்தான்.

மறையுறது எழுத்தோட குத்தம் இல்ல, கேண்டில் மூடுற வரைக்கும் நிபந்தனை மாறி மாறி வருது. லூப்பைக் கடைசி கேண்டிலுக்கு முன்னாடி நிறுத்துங்க, பார்கவுன்ட் - 2 வரைக்கும். மூடாத கேண்டிலுக்கு எழுதவே எழுதாதீங்க. வலது ஓரத்துக்கு கோட் வேண்டாம். டூல்ஸ், பிரிஃபரன்சஸ், சார்ட்டிங்ல வலது ஓரத்து வெத்து பார் எத்தனைன்னு ஒரு கட்டம் இருக்கும். 10 போடுங்க.

டிப்ஸ்வேணும் | திங்கள், மாலை 5:02

சரி, அந்த போன் நம்பராவது குடுங்க